கோடை முகாமில் புத்தகம் வீட்டுக்குப் போகணும்

ஏப்ரல் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் வேலூர்ப் பக்கத்து நூலகங்களில் கோடை முகாம் பேச்சு ஆரம்பித்துவிடும். தாளை எடுத்தால் முதலில் எழுதுவது ஓவியப் போட்டி. அப்புறம் மாறுவேடம், மேஜிக், களிமண் பொம்மை, கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வருவார்கள். முகாம் முடிந்து இரவல் நோட்டைத் திறந்தால் புதிதாக ஒரு பெயர்கூட ஏறியிருக்காது. எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போய்த் திரும்பியது என்ற ஒரு கணக்கை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் முகாமின் அமைப்பே மாறிவிடும். ஓவியமும் பொம்மையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை வரட்டும், புத்தகத்துக்குப் பின்னால் வரட்டும்.

புத்தகம் வெளியே போகாததற்கு இரண்டு பயங்கள் காரணம். வீட்டில் அம்மாவுக்கு, "கிழிச்சிட்டா யாரு பணம் கட்டறது?" என்ற பயம். நூலகருக்கு இருப்புச் சரிபார்ப்புப் பயம். பதிவேட்டில் ஏறிய புத்தகம் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே சிறுவர் அலமாரி பூட்டியே கிடக்கும், அல்லது "இங்கேயே உக்காந்து படி" என்ற அளவில் நின்றுவிடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவேட்டில் ஏறாத புத்தகங்களை வைத்து ஒரு தனிப்பெட்டி போடுவதுதான் வழி.

முப்பது பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியில் நூறு புத்தகம் வேண்டும். தலைக்கு மூன்று வீதம் தொண்ணூறு, கிழிந்ததற்கு மாற்றாகப் பத்து. தலைக்கு ஒன்று போதாதா என்று தோன்றும். போதாது. ஒன்று வீட்டில் இருக்கும்போது, அடுத்ததைத் தேர்ந்தெடுக்க மேசைமேல் மிச்சம் இருக்க வேண்டும். வரிசையில் கடைசியாக நிற்கிற பிள்ளைக்கு இரண்டே புத்தகம் மிஞ்சினால் அது தேர்வு ஆகாது. அந்தப் பிள்ளை அடுத்த நாள் வராமல் போவதற்கு இதுவே போதும். நூறுக்கும் உள் அட்டையில் 1 முதல் 100 வரை எண் எழுதி, நூலக முத்திரைக்குப் பதில் 'முகாம் பெட்டி' என்று தனியாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடுங்கள். இரண்டு முத்திரையும் கலந்துவிட்டால் பின்னால் தணிக்கையில் தலைவலி.

நோட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எடுத்த தேதி, புத்தக எண், திருப்பிய தேதி என்று மூன்றே கட்டம். பிள்ளையே எழுத வேண்டும், ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் எண்ணைப் பார்த்து எழுதிவிடும். தொலைந்துபோனால் அபராதம் கிடையாது. அந்தக் கதையை எல்லோருக்கும் வாயால் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்தால் போதும். கொஞ்சம் புத்தகம் தொலையத்தான் செய்யும். ஒன்றுமே தொலையவில்லை என்றால் பெட்டியைத் திறக்கவே இல்லையோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

உறுப்பினர் அட்டைக்கான விண்ணப்பத்தை முதல் நாளே கொடுத்தனுப்பாதீர்கள். இரண்டாவது வாரம், புத்தகம் வீட்டுக்கு வந்து பத்திரமாகத் திரும்புவதை அம்மா நாலு தடவை பார்த்த பிறகு கொடுத்தால் கையெழுத்து எளிதில் விழும். சொத்து வரி கட்டுகிறவர்கள் அதோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறார்கள் என்பதைச் சொன்னால் பல அப்பாக்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நன்கொடைப் புத்தகம் கேட்டால் சாத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பாதிக்குமேல் பழைய நோட்ஸ், போட்டித் தேர்வு வழிகாட்டி, பக்கம் பழுத்த வார இதழ். வாங்கும்போதே பிரித்துவிட வேண்டும், தாட்சண்யம் கூடாது. ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பாகக் கவனியுங்கள்: அச்சான ஆண்டு. தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978-ல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு உருவம். தாத்தா ஆசையோடு கொடுத்த அருமையான சிறுவர் நூலாக இருக்கலாம். பேரப்பிள்ளை ஒரு வரிக்கு மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு, தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடும். அந்த நூல்களைப் பெரியவர் உரக்கப் படிப்பதற்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத குறையை இணையத்திலிருந்து நிரப்பலாம். ப்ரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் கோட்டோவியம் உள்ள கதைகளாகப் பாருங்கள். வண்ணம் நிறைந்த படங்கள் ஜெராக்ஸில் கரிப்பிடித்த தோசைக்கல் மாதிரி வந்து நிற்கும். அந்தத் தளத்தில் நான்கு நிலைகள் இருக்கின்றன. முதல் நிலை சுமார் 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்குமேல் நான்காவது. இதைத் தமிழுக்கு அப்படியே நம்பிவிடக் கூடாது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது எண்ணிக்கையில் ஒரே சொல், எழுத்தோ பன்னிரண்டு. ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு வந்தால், முதல் நிலை என்று போட்டிருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை மூச்சுவாங்கும்.

நிலை எண்ணைவிட எழுத்துப் பளுவைப் பார்ப்பது பயன் தரும். புத்தகத்தை நடுவில் திறந்து ஒரு பக்கத்தை உற்றுப் பாருங்கள். படம், மரம், நாய், பாடினான் என்று அகரமும் துணைக்காலும் இகரமும் புள்ளியுமாகப் போகிற பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை தாண்டிவிடும். அடுத்த படி உகர ஊகார வரிசை. கு, சு, து, மு என்று உருவம் பல விதமாக மாறுவதால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் ஊகிக்க முடியாது. அதற்கடுத்த சிக்கல் கொம்பு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒரே ஒலி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கொடி'யை 'கெரடி' என்று படிக்கிற பிள்ளைக்குப் பார்வைக் கோளாறோ மந்தமோ ஒன்றும் இல்லை. துணைக்காலை ரகரமாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொம்பு குறைவான புத்தகமாக எடுத்துக் கொடுங்கள். பெட்டியில் உள்ள புத்தகங்களின் முதுகில் மூன்று நிறப் புள்ளி ஒட்டி இதைக் குறித்துவைக்கலாம். எந்த நிறம் எதற்கு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் பச்சைப் புள்ளி எடுத்தவனைப் பார்த்துச் சிவப்புப் புள்ளிக்காரன் சிரிப்பான்.

வேலூரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உருது வழியில் படிக்கிற பிள்ளைகள் உண்டு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் உண்டு. நூறில் பத்துப் பதினைந்து எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களாக இருந்தால் இவர்கள் முதல் நாளிலேயே எல்லோரோடும் சேர்ந்துகொள்வார்கள். உருது எழுதிப் பழகிய பிள்ளை புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து திறக்கும், படங்களை வலமிருந்து இடமாகப் பார்க்கும். கதை தலைகீழாகிவிடும். தப்பு என்று அதட்டாமல் முதல் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக் காட்டினால் போதும்.

இனி நேரம். மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. தகரக் கூரையோ சிமென்ட் ஷீட்டோ போட்ட கட்டடத்தில் பதினொன்றரைக்குமேல் பெரியவர்களாலேயே உட்கார முடியாது. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, வாரம் மூன்று நாள், நான்கு வாரம் என்று பன்னிரண்டு அமர்வு போதும். தினமும் நடத்தினால் எடுத்துப்போன புத்தகத்தைப் படிக்க நடுவில் நாளே இருக்காது. முப்பது பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று. தலைக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கேனைப் புத்தக மேசையிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள், பக்கத்தில் ஒரு துண்டும் தொங்கட்டும். ஈரக் கையால் கெட்டுப்போகிற புத்தகம்தான் அதிகம்.

அமர்வை இப்படிப் பிரிக்கலாம். முதல் இருபது நிமிடம் புத்தகம் திருப்புவதும் அடுத்ததைத் தேடுவதும். பதினைந்து நிமிடம் ஒருவர் உரக்கப் படிக்க எல்லோரும் கேட்பது. அரைமணி அவரவர் படிப்பது. அரைமணி கைவேலை. மிச்சத்தில் பிள்ளைகள் கதை சொல்வதும் நோட்டில் பதிவதும். புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளினால் நடக்காது. வாசலில் அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார். தேர்வு முதலில் முடிந்துவிட வேண்டும், கடைசியில் எழுதுவது மட்டும் இருக்க வேண்டும்.

உரக்கப் படிப்பது சுலபம் என்று நினைத்துப் புத்தகத்தை முதல் தடவை பிள்ளைகள் முன்னாலேயே திறக்கிறவர்கள் உண்டு. முந்தின நாள் இரண்டு தடவையாவது வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். உட்காரும்போது ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் பிள்ளைகள் கண் கூசி, படம் கறுப்பாகத்தான் தெரியும். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, பாயில் பிள்ளைகளை இரண்டு வளைவாக உட்காரவைத்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் படம் வெளியே தெரியும்படி பிடித்து, பக்கத்தைக் கீழ் மூலையில் திருப்புங்கள். மேலிருந்து திருப்பினால் கை படத்தை மறைக்கும். ஏ4 அளவுக்குக் குறைந்த புத்தகத்தை முப்பது பேருக்குக் காட்ட முடியாது. அதைப் படிக்காமல் கதையாகச் சொல்லிவிடுங்கள். சத்தம் போடுகிற மின்விசிறியை அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் குறைத்து வையுங்கள்.

நடுவில் நிறுத்திக் கேட்கிற கேள்விகள் அளவாக இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் "அது என்ன நிறம்?" என்று கேட்டால் கதை செத்துவிடும். மொத்தக் கதைக்கும் இரண்டே இடம், திருப்பம் வருவதற்கு முந்தின பக்கத்தில், "இப்ப இன்னா பண்ணும் நரி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். விவரணையை அச்சில் உள்ளபடியே படியுங்கள். உரையாடலை நம் ஊர்ப் பேச்சில் சொல்லலாம். புத்தகத் தமிழ் காதில் விழ வேண்டியது அவசியம். ஆனால் நரி "எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டால் சிரிப்பு வராது, "எங்க போய்கினு கீற?" என்றால் கூடமே அதிரும்.

பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் பலர் இடுப்பில் தம்பியோ தங்கையோ வைத்துக்கொண்டு வருவார்கள். "கைக்குழந்தையோடு வராதே" என்று சொன்னால் அவள் படிப்பும் அன்றோடு சரி. மூலையில் ஒரு பாய், கனமான அட்டைப் புத்தகம் நாலைந்து, அவ்வளவுதான் ஏற்பாடு.

பெரிய பையன்கள் வேறு கதை. பன்னிரண்டு வயதுக்குமேல் "சின்னப் பசங்க முகாம்" என்று ஒதுங்கிப் பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போவார்கள். இவர்களில் சிலர் வராததற்கு உண்மைக் காரணம், தங்கள் வகுப்புப் பாடத்தை இன்னும் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறார்கள் என்பது. எளிய புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவமானம். பெரிய புத்தகம் கொடுத்தால் முடியாது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொருவரிடமும் ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒப்படைத்து, "அடுத்த அமர்வில் நீதான் இவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பயிற்சி எடுக்க எளிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதில் யாருக்கும் வெட்கம் இருக்காது. ஒரே புத்தகத்தை ஐந்தாறு தடவை படித்துவிடுவான், வாசிப்பு சரளமாவது அப்படித்தான். இவர்களுக்கென்று துளிர் போன்ற அறிவியல் இதழ்கள், விளையாட்டுப் பக்கம் உள்ள செய்தித்தாள், சைக்கிள் மெக்கானிசம், பாம்பு, ராக்கெட் பற்றிய புத்தகங்கள் தனியே ஒரு மேசையில் இருக்கட்டும். கதை படித்தால்தான் வாசிப்பு என்ற எண்ணம் நூலகர்களிடமே இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

நாட்காட்டி போடும்போது ஊர்த் திருவிழாவைப் பார்க்காமல் போடக் கூடாது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மே நடுவில் அந்த இரண்டு மூன்று நாளுக்கு முகாம் என்று போட்டால் காலி நாற்காலிகளுக்குத்தான் கதை சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடையில் அக்னி வசந்த விழா வரும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து. மறுநாள் காலை பிள்ளைகள் வந்தாலும் தூங்கி வழிவார்கள். இதைத் தொல்லையாகப் பார்க்காமல் பாரதக் கதைப் புத்தகங்களை அந்த வாரத்துக்கென்று எடுத்துவைத்திருங்கள். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுவதையும் துரியோதனன் படுகளத்தையும் நேரில் பார்த்த பிள்ளைக்கு எழுபது எண்பது பக்கப் பாரதக் கதை பயமுறுத்தாது. பாத்திரங்களின் பெயர் ஏற்கெனவே காதில் இருக்கிறது. நீளமான சொற்களில் முட்டிக்கொள்ளாமல் தாண்டிப்போவதற்கு அது பெரிய ஒத்தாசை.

கோட்டைக்கு அழைத்துப்போவதாக இருந்தால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். போவதற்கு முந்தின அமர்விலேயே 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி, ஆளுக்கொரு கேள்வி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும் காரணம் என்றால் "தொப்பிக்காகவா சண்டை?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான புத்தகம் திரும்பிவரும்போது மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

கைவேலைக்குப் பசை, பளபளப்புத் தாள் எதுவும் வேண்டாம். ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் பாதியாக மடித்து, அதையே மறுபடியும் பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது அகலவாக்கில் ஒருமுறை மட்டும் மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்டத்தின் அளவுக்கு வெட்டுங்கள். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் நடு ஒட்டி நிற்கும், இரண்டு ஓரமும் பிளந்துபோகும். முப்பதில் ஐந்தாறு பேர் அப்படித்தான் வெட்டுவார்கள், உபரித் தாள் பத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் பிளந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும், அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். எழுதுவதற்குமுன் பென்சிலால் பக்க எண் போட்டுவிட வேண்டும். பிரித்துப்போட்டு எழுத ஆரம்பித்தால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும். இந்தக் குட்டிப் புத்தகங்களுக்கும் எண் போட்டுப் பெட்டியில் சேருங்கள். அச்சுப் புத்தகங்களைவிட வேகமாக இவைதான் கைமாறும்.

எத்தனை புத்தகம் படித்தாய் என்று போட்டி வைத்தால் பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகப் பொறுக்கி, படிக்காமல் திருப்புவார்கள். நிமிடம் எண்ணுவது மேல். கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை, இருபத்தைந்து நாள். அட்டையில் இருபத்தைந்து கத்திரிக்காய் வரைந்து கொடுத்து, வீட்டில் பதினைந்து நிமிடம் படித்த நாளுக்கு ஒன்றுக்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம். முள்ளு கத்திரிக்காய் ஊர் ஆயிற்றே, காம்பில் முள்ளும் வரையுங்கள். யாருக்குப் படித்துக் காட்டினாய் என்று பக்கத்தில் எழுத ஒரு கோடு விடுங்கள். பீடி சுற்றுகிற வீடுகளில் அம்மாவின் கையும் கண்ணும் முறத்தில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் அட்டையில் 'அம்மா', 'ஆயா' என்று தொடர்ந்து வரும். எத்தனை காய் நிறைந்தது என்று யாரையும் ஒப்பிட வேண்டாம். பரிசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பெட்டியிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை ஒவ்வொருவரும் சொந்தமாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெட்டியைக் கொட்டிப் பழுது பார்க்க வேண்டும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு கோடையில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். மைதாப் பசை போட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வரும். வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்த வெள்ளைப் பட்டத் தாளைக் கிழிசல்மேல் ஒட்டி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் வைத்து ஓர் இரவு பாரம் ஏற்றுங்கள். நடு பின் துருப்பிடித்த மெல்லிய புத்தகங்களுக்குப் பின்னைப் பிடுங்கிவிட்டு மடிப்பில் மூன்று துளை போடுங்கள். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வரட்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இரண்டு பக்கமும் முனைகளை வைத்து முடிச்சுப் போட்டால் அசையாது. பெட்டிக்குள் அந்துருண்டை போடக் கூடாது, சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் வைத்துவிடும். காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் துணியில் கட்டிப் போடுங்கள். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அதே பெட்டியைத் திறந்துவைத்தால், முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது நோட்டைத் தேடி வருவார்கள்.